நாலாவது தடவை போகக் கூடாது

பிரிட்ஜ்வாட்டர்,
ஜூன் 8

அன்பு யாமினிக்கு,

இங்கே நான், அம்மா, ரக்ஷா மூவரும் சுகம். மில்பிடாஸில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். தினமும் போன் பண்ண வேண்டாம் என்று நீ சொன்னதிலிருந்து கை நமநமவென்று இருக்கிறது, கடிதம் எழுதினால் குற்றமில்லை என்று அம்மா தீர்ப்புச் சொன்னதால் எழுதுகிறேன். முதலில் சந்தோஷச் செய்தி, உன் தங்கையின் டீம் சனிக்கிழமை பைனலில் ஜெயித்துவிட்டது, கடைசிப் பந்து வரை வீசியது நம் ரக்ஷாதான். அப்பா அவளைக் கவிழ்க்கப் பார்த்தது அடுத்த செய்தி.

அந்த பேஸ்பால் டீமுக்கு ஆள் போதவில்லை என்று நம் தெருக் குமாரசாமி அங்கிள் என்னை அசிஸ்டென்ட் கோச் ஆக்கியது உனக்குத் தெரியும். பார்சிப்பனி ஆபீஸில் இருபது வருஷமாக ஒவ்வொரு ரூலையும் வரி விடாமல் படிக்கிறவன், லீக் கொடுத்த ரூல் புக்கை மட்டும் பிரிக்காமல் காரிலேயே போட்டுவைத்திருந்தேன். அன்றைக்கு மேட்ச் ஆரம்பித்த பிறகுதான் குழந்தைக்கு விபூதி இடாதது ஞாபகம் வந்தது. பொட்டலத்தோடு ஓடினேன், பந்து வீசுகிறவள் நிற்கும் மண்மேட்டில் ஏறி நெற்றியில் இட்டுவிட்டு வந்தேன். அம்பயர் ஒரு விரலைக் காட்டினார், ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். வெயில் ஏறியதும் மோர் பிளாஸ்கோடு போனேன், இரண்டு விரல். ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கிறது என்று சொல்லப் போனேன், மூன்று விரல். திரும்பி வந்தால் குமாரசாமி தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். ஜம்பு சார், ஒரு கேமுக்கு கோச் மேட்டுக்குப் போற மவுண்ட் விசிட் மூணுதான், மூணையும் நீங்களே காலி பண்ணிட்டீங்க, இனிமே யார் போனாலும் ரக்ஷாவை எடுத்துட்டு வேற ஆளைப் போடணும் என்றார். வருஷம் முழுக்க இந்த ஒரு மேட்சுக்காகப் பின்கட்டில் சுவரைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தவள் அவள்.

கடைசி இன்னிங்ஸில் நாம் ஒரு ரன் முன்னே, அவர்கள் ஆட்கள் மூன்று பேஸிலும் ரன்னுக்கு ஓடத் தயாராக நிற்கிறார்கள். இன்னும் ஒருத்தர் அவுட்டானால் கோப்பை, ஒரு நல்ல அடி விழுந்தால் எல்லாம் போச்சு. குழந்தை தொப்பியைக் கழற்றிக் கழற்றிப் போடுகிறாள். என்னை அறியாமல் எழுந்துவிட்டேன், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ரக்ஷா பார்த்துவிட்டாள். உட்காருங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினாள், மூச்சை இழுத்து விட்டாள், வீசினாள். எதிரே நின்ற பையன் மூன்றாவது தடவையாக மட்டையைச் சுழற்றினான், படவில்லை, அவுட். மைதானமே கத்தியது, நான் அழுதேன், அதை அம்மா வீடியோ எடுத்து வைத்திருக்கிறாள். அப்பா, லாஸ்ட்ல யூ டிட் நத்திங், தேங்க் யூ என்று உன் தங்கை காரில் சொன்னாள். இத்தனை பெரிய பாராட்டு எனக்கு எந்த ஆபீஸிலும் கிடைத்ததில்லை.

ராத்திரி அந்த ரூல் புக்கை முழுசாகப் படித்தேன். பிறகு கணக்குப் பார்த்தேன், பிப்ரவரியில் உனக்குக் கட்டில் பொருத்திக் கொடுக்க வந்தேன், மார்ச்சில் கார் பார்க்க வந்தேன், ஏப்ரலில் உன் மேனேஜர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க வந்தேன். புது அபார்ட்மென்டுக்கு நீ மாறும் அன்றைக்கு வந்து நிற்க உனக்குச் சொல்லாமல் ஒரு டிக்கெட் போட்டிருந்தேன், அதை கேன்சல் பண்ணிவிட்டேன். நீயே பார்த்துக்கொள்வாய். கை காட்டிக் கூப்பிட்டால் மட்டும் அடுத்த பிளைட்டில் இருப்பேன்.

எல்லா நலமும் பெற்று நன்றாக இரு, கண்ணு. பால் காய்ச்ச மறக்காதே, சாமி படத்தை முதலில் உள்ளே கொண்டுபோ.

இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் அப்பா,
ஜம்புநாதன்