‘போடு’ இல்லாத லீவு

ஜனவரி 3, 2025, வெள்ளி

காலையிலிருந்து மூடுபனி. ஆபீஸ் ஜன்னலில் எதிரே இருக்கும் தொழிலாளர் லைன் வீடுகள்கூடத் தெரியவில்லை. காபிப் பழம் பறிக்கும் மருதாயி வந்தார். மகள் புவனாவுக்குச் சேலத்தில் பிரசவம். திங்கள் முதல் பதினைந்து நாள் லீவு வேண்டுமாம். புது மேனேஜருக்குத் தமிழ் தெரியாது, எல்லா மனுவும் இங்கிலீஷில்தான். இந்த எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடமாக நான்தான் ரைட்டர், நான்தான் இங்கிலீஷ்.

சுருக்கமாக எழுதினேன்: மருதாயி லீவ்ஸ் ஃப்ரம் மண்டே. ஒரு நாளா, பதினைந்து நாள் ஆயிற்றே. அதனால் ‘லீவ்’ பக்கத்தில் ஒரு எஸ். மருதாயி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கவில்லை. யாரும் கேட்டதில்லை.

ஜனவரி 7

பாதிப் பழம் செடியிலேயே இருக்கிறது. ஆள் போதவில்லை.

ஜனவரி 10

மேனேஜரின் ஆர்டர் என் மேஜைக்கு வந்தது. மருதாயி வேலையை விட்டு விலகுவது ஏற்கப்பட்டது. மாதக் கடைசிக்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவருக்கு வேறு வீடு கிடையாது.

மூன்று தரம் படித்தேன். பிறகு அகராதி. லீவ் என்றால் விடுப்பு. லீவ் என்றால் விட்டுப் போவதும்; எஸ் சேர்ந்தால் ‘விட்டுப் போகிறார்’. பன்மைக்கு என்று நான் சேர்த்த எஸ் அவரை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறது.

இங்கிலீஷ்காரர்களுக்குச் செடியும் பிளான்ட், நடுவதும் பிளான்ட். களையும் வீட், களை எடுப்பதும் வீட். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தச் சொல்லை வாங்கினாலும் பின்னால் ஒன்றை ஒட்டிவிடுவோம்: கட் பண்ணு, ஸ்ப்ரே அடி, லீவு போடு. என் மனுவில் அந்தப் ‘போடு’ இல்லை.

ஜனவரி 11

மருதாயி போன் செய்தார். பெண் குழந்தை. “நொம்ப நல்லா இருக்குதுங்க. ஊட்டுப் பக்கம் போனீங்கன்னா கோழிங்களுக்குக் கொஞ்சம் தீனி போடுங்க.” சரி என்றேன்.

எந்த வீட்டுப் பக்கம்? — மருதாயியே விலகுவதாகச் சொன்னார் என்று நான் சொன்னால் முடிந்தது. கையெழுத்து அவருடையது. யாரு கேக்கப் போறாங்க? — சே, என்ன மனுசன் நான்.

ஜனவரி 12, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. கோழிகளுக்குத் தீனி போட்டேன்.

ஜனவரி 13

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் உறுத்துகிறது. எழுதிக் கொடுக்கச் சொன்னார். பேனாவைத் திறந்தால் ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லும் இரண்டாகத் தெரிந்தது. தமிழிலேயே எழுதினேன்: தவறு என்னுடையது, மருதாயி கேட்டது விடுப்பு மட்டுமே, இப்படிக்கு தேவசிகாமணி. டிரைவர் வெங்கடேஷ் தனக்குத் தெரிந்த இந்தியில் அதை மேனேஜருக்குச் சொன்னான். ஆர்டர் ரத்து. இனி மனுக்களை டைப் அடிக்கும் அமுதா எழுதுவார். இருபத்திரண்டு வருடம். வலிக்கிறது.

ஜனவரி 21

மருதாயி வேலைக்கு வந்தார். நேராக ஆபீஸ் வாசல். வெங்கடேஷ் வாய் சும்மா இருக்குமா, எல்லாம் தெரிந்திருக்கிறது. திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“பேத்திக்குப் பேர் வெக்கோணுங்க. அடுத்த மாசம் ரெண்டு நாள் லீவு வேணும்.”

அமுதாவின் மேஜையைக் காட்டினேன்.

“நீங்களே எழுதுங்க. தமிழ்ல. அந்தப் புள்ள அப்புறம் மாத்திக்கட்டும்.”

எழுதி நீட்டினேன். பேனாவை வாங்கிக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை.

“படிங்க,” என்றார்.

படித்தேன். பிறகுதான் போட்டார்.