செய்திமடலில் நம் மகள்

சிகாகோ
10.11.1986

அன்புள்ள வேதாவுக்கு,

நீயும் குழந்தையும் சுகம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே குளிர் ஜாஸ்தி. மற்றபடி எனக்கொரு குறையும் இல்லை. "உங்க மூக்குதான் இவளுக்கு"னு நீ எழுதியதைப் பலமுறை படித்துவிட்டேன்.

பெண் பிறந்த தந்தி வந்த அன்று, அறையில் சொல்வதற்கு யாரும் இல்லை. எங்கள் கம்ப்யூட்டர் சங்கத்தின் செய்திமடலை நான்தான் தயாரிக்கிறேன். அது டெலிபோன் கம்பி வழியாக உறுப்பினர்களின் கம்ப்யூட்டர் திரைக்கே போய்விடும். பிரிண்டர் ரிப்பேர் குறிப்புக்குக் கீழே, திருவண்ணாமலையில் எனக்கு மகள் பிறந்திருக்கிறாள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். நாற்பது பேர் வாழ்த்து அனுப்பினார்கள்.

மார்த்தா என்ற வயதான உறுப்பினர் போன் செய்து, குழந்தைக்குக் கம்பளிக் காலுறை பின்னுவதாகச் சொன்னார். நம் ஊர் வெயிலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. "பாதம் எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

அவள் தூங்கும்போது பாதத்தைக் காகிதத்தில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. இரண்டாக அனுப்பு, வேதா. ஒன்று எனக்கு.

சாப்பாட்டு இடைவேளை முடிகிறது. தபாலில் போட ஓடுகிறேன்.

உன்
அப்பாதுரை