ஒருமித்து வேகாத பிடியரிசி

பாறசாலை,
2025 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, விருச்சிகம் ஏழு.

இன்று எனக்கு வயது எண்பத்தொன்று, மூன்று மாதம், பன்னிரண்டு நாள். நாள் கணக்கு வரை சரியாகச் சொல்வதால் என் புத்தி தடுமாறவில்லை என்று இதை வாசிப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

என் வீட்டுக் கஞ்சியை ஒன்பது வருடம் குறை சொல்லிக்கொண்டே குடித்த, என் அண்ணன் மனைவி பிலோமி மைனிக்கு,

நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நான் ஒருபோதும் மதித்ததில்லை. அவர்கள் உயிரோடு இருந்தபோது ஒரு வரி எழுதியிருந்தால் என்ன என்று கேட்பேன். இப்போது அந்தக் கேள்வி என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் டின் அடுக்களையில் என் டின்னின் பக்கத்திலேயே இருக்கிறது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே டின்னில் போடுவது நம் பாப்டிஸ்ட் சபைப் பெண்களின் வழக்கம். மாதக் கடைசி ஞாயிறு அது சபைக்குப் போகும். எல்லா வீட்டு அரிசியும் ஒரே பெட்டியில் விழுந்து கலந்து, பிறகு இல்லாத வீடுகளுக்குப் பொட்டலமாகப் போய்ச் சேரும். வாங்குகிற வீட்டிலிருந்தும் டின் வரும். அதனால் வாங்குவது யார் என்று பட்டியல் எழுதும் இரண்டு பெண்களைத் தவிர யாருக்கும் தெரியாது. உங்களுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைச் சபை இதழில் வாசிக்கப்போகிற பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த டின்னைப் பார்த்ததில்லை.

உங்களை அடக்கம் செய்த மூன்றாம் நாள் உலை வைத்தேன். என் டின்னில் ஒரு பிடி போட்டேன். திரும்புவதற்குள் பக்கத்து டின்னிலும் அரிசி விழும் சத்தம் கேட்டது. பார்த்தேன், அதன்மேல் இருந்தது என் கைதான். அன்றிலிருந்து ஒரு நாள் தவறவில்லை; மாதக் கடைசியில் அந்த டின்னை மட்டும் சபைக்குக் கொண்டுபோகவில்லை. நிறுத்த வேண்டும் என்று தீர்மானித்த நாட்களிலும் கை போய்விடுகிறது. இதைப் பேய் என்று சொல்லமாட்டேன். பேய் என்றால் இதற்குள் ஒரு தடவையாவது உப்பு போதாது என்று சொல்லியிருக்கும்.

இன்று ஸ்தோத்திரப் பண்டிகை. வழக்கம்போல் மரச்சீனிக் கிழங்கு, வாழைக்குலை, தேங்காய், ஆரியங்கோட்டிலிருந்து ஒருவர் கொண்டுவந்த ரப்பர் ஷீட் எல்லாம் பிரசங்க மேடையின் கீழே குவிந்திருந்தன. புதிய பாஸ்டர் தமிழில் இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு மலையாளத்துக்குப் போய் அங்கேயே குடியேறிவிட்டார். நல்ல பையன். அடுத்த வருடம் டின் வேண்டாம், போனில் காணிக்கை போடலாம் என்கிறார். பிடி அரிசியைப் போனில் எப்படிப் போடுவது என்று கேட்டேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பண்டிகையன்று மட்டும் டின்களைப் பெயர் சொல்லி அழைத்துக் கொட்டுவார்கள் அல்லவா? நான் என் டின்னை மட்டும் எடுத்துப் போகத்தான் புறப்பட்டேன். பையில் இரண்டும் இருந்தன. வரிசையில் என் பெயர் வந்தது, கொட்டினேன். அடுத்த டின்னை எடுத்த பெண் மூடியில் இருந்ததை யோசிக்காமல் வாசித்துவிட்டாள்: “பிலோமினாள்.” நம் லில்லி என் பக்கத்திலிருந்து எழப் பார்த்தாள். உங்கள் மகளுக்குத்தானே முறை? ஆனால் நான் போய்க் கொட்டினேன். நான்கு மாத அரிசி விழ எவ்வளவு நேரமாகும்? எனக்கு அது விழுந்து முடியவே இல்லை.

அப்போதுதான் யாரோ அந்தப் பழைய கதையை எடுத்தார்கள். ஒவ்வொரு பண்டிகைக்கும் யாராவது எடுப்பார்கள். ஆறு வயது லில்லி காணிக்கை மேசையின் அடியில் புகுந்து, சிந்திக் கிடந்த அரிசியை வேகாமலே வாரி வாரித் தின்ற கதை. ஜெபத்தின் நடுவே கறுக்முறுக்கென்று சத்தம் கேட்க, எலி என்று நினைத்து டீக்கன் செருப்பைக் கழற்றிய கதை. இன்றும் எல்லோரும் சிரித்தார்கள். ஐம்பத்தொரு வயது லில்லியும் சிரித்தாள். மைனி, நீங்களும் நாற்பத்தைந்து வருடம் சிரித்தீர்கள். நான் சிரித்தேனா என்று எப்போதாவது கவனித்தீர்களா?

சிரிப்பு அடங்கியபோது செல்லய்யன் எழுந்தார். உங்கள் வடக்கு எல்லைக்காரர். எண்பத்தெட்டு வயது, முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிகிறது. சாட்சி சொல்ல வேண்டும் என்றார். மைக்கைக் கொண்டுவந்தவர்களைத் தள்ளிவிட்டார்.

அவர் சொன்னதை நீங்கள் கேட்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

“பிலோமிக்கு அரிசி குடுத்தது நான் இல்ல. ஒரு மணி அரிசி நான் குடுத்ததில்ல. அவ இந்தச் சபையில வச்சு என்னைக் கும்பிட்டா, நான் வாய் தொறந்து மிண்டாம நிண்ணேன். இண்ணைக்கு வரைக்கும் மிண்டாம நிண்ணேன். நான் கள்ளனாக்கும். குடுத்த ஆளு உயிரோட உண்டெங்கி எழும்பணும். எனக்கு அந்த மொகத்த ஒருக்கப் பாக்கணும், அவ்வளவுதான்.”

யாரும் எழவில்லை. பாஸ்டர் மலையாளத்தில் அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. பெண்கள் பக்கத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் முகத்தில் நின்றாரா, தாண்டிப் போனாரா என்று எனக்குத் தெரியாது. நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லில்லி என் காதருகே, “மாமி, ஆராக்கும் அது? ஒங்களுக்கு அறியுமா?” என்று கேட்டாள்.

“பாட்டு நம்பர் பாரு” என்றேன்.

இதை வாசிக்கிற இளையவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலோமி மைனி பூவாறு கடற்புறத்து லத்தீன் கத்தோலிக்க வீட்டுப் பெண். என் அண்ணனைக் கட்டுவதற்காக முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார்; அதோடு பிறந்த வீடு அற்றுப்போயிற்று. அண்ணன் மஞ்சள்காமாலையில் இறந்தபோது லில்லிக்கு ஆறு வயது. மைனி அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அந்த வருடம் கொட்டை வரவில்லை என்று ஆபீசைப் பூட்டினார்கள். அதே சமயம் செல்லய்யன், பாதை தன் மண்ணில் போகிறது என்று முள்வேலி போட்டு மறித்தார். கிணற்றுக்குப் போகவும் மைனி சுற்றிப் போக வேண்டும். மற்றவர்கள் அந்த வீட்டுக்குப் போவதென்றால் அவர் முற்றம் வழியாகத்தான்.

லில்லி மேசையடியில் புகுந்த அந்தப் பண்டிகைக்கு மறுவாரத்திலிருந்து, மைனி அடுத்தவர் விளையில் களை பறிக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, பின்வாசலில் கவிழ்த்துவைத்த ஓலைக் கடவத்தின் அடியில் அரிசி இருக்கத் தொடங்கியது. வாரம் தவறாமல் எட்டு மாதம், ஆபீஸ் திறக்கும் வரை. செல்லய்யன் முற்றத்தைத் தாண்டாமல் அங்கே வர வழியில்லை. ஆகவே கொடுப்பது அவரேதான், வெளியே காட்டிக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று மைனி முடிவுகட்டினார். அடுத்த ஸ்தோத்திரப் பண்டிகையில் சாட்சி சொல்ல எழுந்து, “எனக்குக் கஞ்சி ஊத்தின கை எதுன்னு எனக்கு அறியும்” என்று சொல்லி, ஆண்கள் பக்கம் நடந்துபோய் அவர் முன்னால் கைகூப்பினார். செல்லய்யன் வெளிறிப்போனார். அந்த வாரமே முள்வேலி போயிற்று. அதன் பிறகு அந்த வீட்டுக் கூரை மாற்றியது யார், லில்லிக்குக் காய்ச்சல் முற்றியபோது தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை ஓடியது யார், கல்யாணத்துக்குப் பந்தல் கட்டியது யார்? எல்லாம் அவர்தான். செய்யாத ஒன்றுக்குக் கிடைத்த நன்றியை ஒரு மனிதர் நாற்பது வருடமாக உழைத்துத் தீர்த்தார். இப்போது எழுந்து நின்று தன்னைக் கள்ளன் என்கிறார்.

மைனி, அரிசியை வைத்தவள் நான். செல்லய்யன் முற்றம் வழியாக அல்ல. கால்வாய்க்கரையில் வந்து, தென்புறக் கையாலையில் ஏறிக் குதித்து வந்தேன். முப்பத்தாறு வயதில், கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கும் ஒருத்தி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கல்மதில் ஏறுவாள் என்று யாருக்குத் தோன்றும்? ஒரு தடவை சேலை கள்ளிமுள்ளில் மாட்டி அரை மணி நேரம் தொங்கினேன். அன்று உங்கள் கோழி பார்த்தது போல எந்த மாணவரும் என்னைப் பார்த்ததில்லை.

ஏன் முன்வாசல் வழியாக வரவில்லை? வேலியைச் சொல்லித் தப்பிக்கமாட்டேன். செல்லய்யன் என்னை மறித்திருக்கமாட்டார். அந்தக் காரணத்தைக் கடைசியில் எழுதுகிறேன். இங்கேயே எழுதினால் பேனாவை மூடிவிடுவேன்.

அதற்கு முன் நீங்கள் எனக்கு ஒரு பதில் தரவேண்டும்.

போன ஆனி மாதம், படுக்கையோடு ஆகிவிட்ட பிறகு, ஒரு நாள் உங்களுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். ரேஷன் அரிசியும் கடை அரிசியும் கலந்துவிட்டன அன்று. நீங்கள் இரண்டு வாய் குடித்துவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். கொட்டை எண்ணெயில் வெந்து ரேகை அழிந்த விரல்கள். ரேஷன் கடை இயந்திரம் ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத விரல்கள். “பிடியரிசி ஒருமிச்சு வேகாது எப்சி. ஒண்ணு குழைஞ்சு போவும், ஒண்ணு கல்லாட்டு கெடக்கும். எனக்கு அண்ணைக்கே அறியும்” என்றீர்கள்.

நினைவு தப்பிப் பேசுகிறீர்கள் என்று நினைத்து வாயைத் துடைத்துவிட்டேன்.

இன்று சபையில் நின்றபோதுதான் உறைத்தது. கடவத்தின் அடியில் நான் வைத்தது சபைப் பெட்டி அரிசி. சிவப்பும் வெள்ளையும், புழுங்கலும் பச்சையும், நாற்பது வீட்டுக் கைப்பிடி. ஒரு தடவை உலை வைத்ததுமே உங்களுக்குத் தெரிந்திருக்கும், அது செல்லய்யன் வீட்டு அரிசி இல்லை என்று. பெட்டிச் சாவி மாதர் சங்கச் செயலாளரிடம் இருந்தது. செயலாளர் நான்.

அப்படியானால் தெரிந்துகொண்டுதான் அவர் முன்னால் போய்க் கைகூப்பினீர்களா? ஒரு கும்பிடு போட்டு ஒரு வேலியைப் பிடுங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டீர்களா? அல்லது என்னைக் கும்பிடுவதற்குப் பதிலாகப் பகைவனையே கும்பிட்டுவிடலாம் என்று தோன்றும் அளவுக்கு என்மேல் கோபமா? நாற்பத்தைந்து வருடம், அதில் ஒன்பது வருடம் ஒரே கூரையின் கீழ், ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி இருந்தீர்கள்? நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள்.

இன்று மாலை உலை வைத்தேன். காலியான உங்கள் டின்னில் முதல் பிடி விழுந்தது. வெறும் டின்னில் அரிசி விழும் சத்தம், யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். இந்த வயதில், இவ்வளவு படித்தவள், திரும்பிப் பார்த்தேன்.

ஆகவே உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். நாளைக் காலை இந்தக் கடிதத்தை முதலில் லில்லியிடம் கொடுப்பேன். அவள் வாசித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். பிறகு நேரான பாதையில் நடந்து செல்லய்யன் வீட்டுக்குப் போய், அவர் பார்க்க விரும்பிய முகத்தைக் காட்டுவேன். அவர் கள்ளன் இல்லை என்று சொல்வேன். அதன்பின் இது அச்சுக்குப் போகும். லில்லி என்னை மாமி என்று கூப்பிடுவதை நிறுத்தினாலும் போகும்.

இனிக் காரணம்.

அண்ணன் இறந்த பிறகு, அந்த ஆவணி மாதத்துப் பட்டியலில் போதகரம்மா முதலாவதாக உங்கள் பெயரை எழுதினார். அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி நான் அடித்தேன். “அது வேண்டாம், நாங்க பாத்துக்கிடுதோம்” என்றேன். கல்லூரி ஆசிரியை எப்சிபாவின் மைனி பிடியரிசி வாங்கித் தின்கிறாள் என்று யாரும் பேசிவிடக்கூடாது. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. பார்த்துக்கொள்வதாகச் சொன்னவள் பார்க்கவில்லை. பாடம், தேர்வு, விடைத்தாள் என்று மூன்று மாதம் போயிற்று. அண்டியாபீஸ் பூட்டிக் கிடப்பது எனக்குத் தெரியும்.

பண்டிகையன்று மேசைத் துணியை முதலில் தூக்கிப் பார்த்தவள் நான். எல்லோரும் எலி என்றும் குறும்பு என்றும் சிரித்தார்கள். லில்லி விளையாடவில்லை, மைனி. இரண்டு கையாலும் தின்றாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்ததை ஒளித்தாள். உங்களுக்கென்று சபை ஒதுக்கிய அரிசியை அந்தக் குழந்தை தரையிலிருந்து திருடித் தின்னும்படி செய்தவள் நான்.

உங்கள் நாத்தி,
எப்சிபா