நிதுர்ஷன் வரைந்த பஸ்

அன்பு மகள் பிரஷாந்திக்கு,

அம்மாவும் நானும் கல்லடியில் சுகமாக இருக்கிறோம். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், நீயும் மருமகனும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இந்த முறை உன் தம்பியைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது. நீ வந்து பார்த்தபோது நிதுர்ஷன் இருந்த நிலை உனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளில் விழுந்து தலையில் அடிபட்டதோடு வலது கை சோர்ந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, கடைகடையாய் ஏறிப் பேசியே பொருள் விற்ற பிள்ளையிடம் ஆமாம் என்பதற்குச் சொல்கிற 'ஓம்' ஒன்றுதான் மிஞ்சியது. பசித்தாலும் ஓம், வேண்டாம் என்றாலும் ஓம். கோபம் வந்தால் கையில் இருப்பதை எறிவான். நீ போனபிறகு ஒருநாள் நான் கேற்றுக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தேன், கதிரையில் உட்கார்ந்திருந்தவன் இடது கையால் பிரஷைப் பறித்து மதிலில் இழுக்கத் தொடங்கினான். தடுக்கப்போன என்னை அம்மா விடவில்லை. அன்று அவன் எதையும் எறியவில்லை. மறுநாள் தக்ஷாயினி படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு வரும்போது புருஷனுக்கென்று படம் வரைய நிறங்களும் மட்டைகளும் வாங்கி வந்தாள். வாவியைச் சிவப்பாகத் தீட்டினான். "தண்ணி சிவப்பாடா மனே" என்று கேட்டேன், என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் சிவப்பைப் பூசினான். அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை.

போன மாதம் தக்ஷாயினிக்குக் கதிரவெளிப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் வந்தது. தினமும் போய்வர முடியாத தூரம். அவள் அங்கே தங்கி சனி ஞாயிறு வருவது, தம்பியை நாங்கள் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். அவன் முன்னால் இருந்துதான் பேசினோம், அவனிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த நாள் ஒரு பஸ் வரைந்தான். ஜன்னலோரம் தக்ஷாயினி, மடியில் பை. அம்மா பார்த்துவிட்டு, "போயித்து வா எண்டு சொல்றான் புள்ள" என்று அழுதாள். மருமகளும் அப்படித்தான் நினைத்து, "ஒவ்வொரு கிழமையும் வருவன்" என்று அவன் தோளைத் தொட்டாள். அவன் மேசையில் ஓங்கி அடித்தான். பழைய கோபம் திரும்பிவிட்டது என்று பயந்து நான் நிறங்களை எடுத்து ஒதுக்கப் பார்த்தேன், விடவில்லை. வேர்க்க வேர்க்க அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆளை வரைந்தான். அந்த ஆளுக்கு வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, தலையில் தையல் தழும்பு. தக்ஷாயினி படத்தைக் கிட்ட எடுத்துப் பார்த்தாள். "என்னோட வரப்போறீங்களா?" என்று கேட்டாள். "ஓம்" என்றான். அவன் எதற்கும் சொல்கிற ஓம்தானே என்றேன். "இல்ல மாமா, இது ஓம்தான்" என்றாள்.

விழுந்தால் யார் தூக்குவது என்று நான் மறித்துப் பார்த்தேன். அவள் பள்ளிக்கூடத்துக்கு எதிர் வீட்டையே வாடகைக்கு எடுத்தாள், பகலில் பார்த்துக்கொள்ள வீட்டுக்கார அம்மா சம்மதித்தார். போன கிழமை நான்தான் சாமான்களோடு கூடப்போய் இரண்டு பேரையும் விட்டுவிட்டு வந்தேன். வந்து இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, இப்போது பரவாயில்லை.

பிள்ளைகளுக்குக் காது மூடித் தொப்பி போட்டு அனுப்பு. மாமாங்கப் பிள்ளையார் உங்கள் எல்லோருக்கும் துணையிருக்கட்டும். ஒன்றை மறந்துவிடாதே. தம்பி எப்படி என்று இனி எங்களிடம் கேட்காதே. தக்ஷாயினியின் நம்பருக்குப் போன் எடுத்து அவனிடமே கேள். பதில் வரச் சுணங்கும், படமாகவும் வரும். அதுவரைக்கும் நீயாக ஒன்றைச் சொல்லி முடித்துவிடாமல் காத்திரு.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா