நான்காவது படுக்கை

அட்ஹுந்தாஸ்
நவம்பர் 11

என் அன்பு மகள் மிக்டாலியாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, மன்னித்துவிடு. சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே ஏறிவிட்டன, சில கீழே சரிந்து கிடக்கின்றன. மலைச்சரிவில் காப்பிச்செடி நிற்கிற மாதிரி நினைத்துக்கொள். ஆனால் இது யாரோ எனக்காக எழுதித் தந்தது இல்லை. உன் அப்பா, எழுபத்திரண்டு வயதுக்காரன், தன் கையால் எழுதியது.

ஏழு மாதமாகச் சுகாதார நிலையத்தில் வகுப்புக்குப் போகிறேன். உன்னிடம் வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. அயாலா டீச்சர் மரியாதையாகத் 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவாள், ஆனால் கொஞ்சம் வாய்த்துடுக்கு. "தோன் எவாரிஸ்தோ, பென்சில ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க? அது ஒண்ணும் ஓடிப்போகாது" என்கிறாள். இப்போது மருந்துப் புட்டி, சோப்பு உறை, கல்லறைக் கல் என்று எதையும் விடுவதில்லை. போன வாரம் உன் அம்மாவின் கல்லறைக்குப் போய் அவள் பெயரைச் சத்தமாகப் படித்தேன். இத்தனை வருடமும் அந்தக் கல்லில் பூ மட்டும்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை நீ கடைக்குப் போன் செய்து சொன்னதை நாள்காட்டியில் குறித்துவிட்டேன். இருபத்துநான்காம் தேதி, ஞாயிறு, சான் ஹுவான் துறைமுகம், மாலை ஐந்து மணிக் கப்பல். "நாலு பேருக்கு ஒரு அறை, அப்பா. நாலாவது படுக்கை உங்களுக்கு" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. உன்னைப் பார்த்து எட்டு வருடம் ஆகிறது. பேத்தி யாரெலிஸுக்கு ஆறு வயது, அவளைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கப்பல் எங்கே வேண்டுமானாலும் போகட்டும். ஏழு நாள் என் பேத்தி இருக்கிற அறையில் தூங்கி எழுந்தால் எனக்குப் போதும்.

வாழையிலையில் கட்டிய பஸ்தேலெஸ் இரண்டு டஜன் கொண்டுவருகிறேன். மருமகன் எஃப்ரைன் எத்தனை சாப்பிடுவான்?

உன் அப்பா,
எவாரிஸ்தோ

---

ஹார்ட்ஃபோர்டு
டிசம்பர் 4

அன்புள்ள அப்பா,

வணக்கம். முதலில் உங்கள் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரித்ததும் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் எழுதியதா! இரண்டு தடவை படித்தேன், அழுகை வந்துவிட்டது. எஃப்ரைனிடமும் காட்டினேன்.

அப்பா, அந்தப் பாழாய்ப்போன மழையை என்னவென்று சொல்வது? சனிக்கிழமை நாங்கள் விமானத்தைவிட்டு இறங்கியதுமே மலையில் சாலையெல்லாம் துண்டித்துப் போயிருக்கிறது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். உடனே கடைக்குப் போன் செய்து, "அப்பாவைக் கிளம்ப வேண்டாம்னு சொல்லுங்க, உயிர்தான் முக்கியம்" என்று சொல்லிவைத்தேன். பிடிவாதம் பிடிக்காமல் நீங்கள் வீட்டிலேயே இருந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

எங்களுக்கும் மனசே சரியில்லை. புயலுக்குப் பயந்து கப்பலை மூன்று மணிக்கே எடுத்துவிட்டார்கள். "எங்கப்பா ஒருவேளை வந்துடுவார், பத்து நிமிஷம் பொறுங்க" என்று முகப்பில் இருந்த பெண்ணிடம் கெஞ்சிப் பார்த்தேன். கேட்கவில்லை. ஏழு நாளும் உங்கள் படுக்கை காலியாகவே கிடந்தது. யாரெலிஸ் அதன்மேல் தன் பொம்மையைப் படுக்கவைத்து, "இது தாத்தா இடம், யாரும் உக்காரக் கூடாது" என்று காவல் காத்தாள்.

வருத்தப்படாதீர்கள் அப்பா. மழையை யார்தான் என்ன செய்ய முடியும்? அடுத்த வருடம் கட்டாயம் சேர்ந்து போவோம். குளிரில் நெஞ்சுச்சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்ரைனும் அவன் அம்மாவும் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.

முத்தங்களுடன் உங்கள் மகள்,
மிக்டாலியா

---

அட்ஹுந்தாஸ்
டிசம்பர் 15

மகள் மிக்டாலியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. என் பெயருக்கு வந்து, நானே கத்தியால் உறையைப் பிரித்து, நானே படித்த முதல் கடிதம். முற்றத்தில் உட்கார்ந்து படித்தேன். கடைசி வரிக்கு வருவதற்குள் காப்பி ஆறிவிட்டது. உன் கையெழுத்து எவ்வளவு அழகு, மகளே! உன்னைப் பள்ளிக்கு அனுப்பியது வீண்போகவில்லை.

பதில் எழுத ஆறு நாள் ஆகிவிட்டது. எனக்கு வேகம் அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். அன்று நான் வீட்டில் இல்லை.

நீ கிளம்ப வேண்டாம் என்று சொன்னதைக் கடைக்காரர் ஞாயிறு காலை, நான் வண்டி ஏறும்போது சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியா, எம்பொண்ணுக்கு எம்மேல எவ்வளவு அக்கறை!" என்று வண்டிக்காரன் மோன்ச்சோவிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். மழை கண்ணாடியை அடித்த அடியில் அவனுக்குப் பாதிதான் கேட்டிருக்கும். உத்துவாதோவுக்கு முன்னால் சாலையில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். அவன் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"நிறுத்துடா! பாலம் மூடியிருக்குன்னு எழுதியிருக்கு."

"அட, தோன் எவாரிஸ்தோ! படிக்கத் தெரியாத காலத்துல என் வண்டியில எவ்வளவு நிம்மதியா வருவீங்க!"

சொல்லிவிட்டு பிரேக்கை மிதித்தான். பாலத்தில் பாதி ஆற்றில் கிடந்தது. சுற்றுவழியில் திரும்பினோம். அங்கே மலையே இறங்கி வந்து சாலையில் உட்கார்ந்திருந்தது. "திரும்பிடலாம் பெரியவரே, கப்பல் இன்னொண்ணு வரும்" என்றான். "பேத்தி இன்னொண்ணு வரமாட்டா" என்று இறங்கிவிட்டேன். முழங்கால் சேற்றில், பெட்டி தலையில், பஸ்தேலெஸ் கழுத்தில் தொங்க, அந்தப் பக்கம் போனேன். மோன்ச்சோ பின்னாலிருந்து, "கப்பல்காரன் உங்களைப் பாத்தா சரக்குன்னு நினைச்சு அடித்தளத்துல போட்டுடுவான்!" என்று கத்தினான். சிரித்ததில் ஒரு செருப்பைச் சேற்றிலேயே விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் கிடைத்த வண்டியில் அரெசிபோ, அங்கிருந்து இன்னொரு வண்டி. இரண்டரை மணி நேர வழிக்குப் பதினொரு மணி நேரம் ஆனது.

துறைமுகத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது மணி நான்கு. கப்பல் இருந்தது, மகளே. மழையால் கிளம்பத் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

முகப்பில் இருந்த பெண் நல்ல பெண். சேற்றோடு ஒற்றைச் செருப்பில் நின்ற என்னை விரட்டவில்லை.

"தாத்தா, உங்க பேரு இதுல இல்லையே."

"நல்லாப் பாரும்மா. எம்பொண்ணு பேரு மிக்டாலியா. நாலு பேர் அறை."

"அறை இருக்கு. நாலு பேரும் ஏறியாச்சே."

"மூணு பேருதான் ஏறியிருப்பாங்க. நாலாவது நான்தான்."

அவள் பட்டியல் தாளை எடுத்தாள். பிறகு, "படிச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், எனக்குப் படிக்கத் தெரியும்" என்றேன். அப்படி ஒருவரிடம் சொல்ல இத்தனை நாள் காத்திருந்தேன். அதைச் சொல்லக் கிடைத்த இடத்தைப் பார்.

அவள் தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். எஃப்ரைன். நீ. யாரெலிஸ். நான்காவது ஹெனோவேவா, உன் மாமியார்.

"மூணு வாரத்துக்கு முன்னாடியே மாத்தியிருக்காங்க, தாத்தா. இந்த மாசம் மூணாம் தேதி."

நீ எனக்குப் போன் செய்தது ஏழாம் தேதி.

உன் மாமியார் வருவதில் எனக்கு வருத்தம் இல்லை. அவளும் கப்பலைப் பார்க்க வேண்டியவள்தான். "அப்பா, இந்தத் தடவை இடமில்லை" என்று சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்ல உனக்கு வாய் வரவில்லை. சரி. ஆனால் ஏழாம் தேதியிலிருந்து ஏதாவது தடங்கல் வரும் என்று நீ நம்பிக்கொண்டிருந்தாய்; கடைசியில் மழை வந்தது. கிழவன் எப்படியும் வரமாட்டான் என்று நம்பிக்கொண்டிருந்தாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே கொட்டகையின் கீழ் நின்றேன். நீங்கள் நான்கு பேரும் மூன்றாம் தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், ஒரே மாதிரி மஞ்சள் சட்டையில். மார்பில் உங்கள் குடும்பப் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. கீழிருந்தே படித்தேன். கூப்பிட்டிருந்தால் உனக்குக் கேட்டிருக்கும். ஆனால் அத்தனை பேர் முன்னால் நீ என்ன சொல்லியிருப்பாய்? அந்தப் பொய்யையும் நேரில் பார்க்க எனக்குத் தெம்பில்லை. யாரெலிஸ் கரையில் நின்ற எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டிருந்தாள். நானும் அசைத்தேன். உன் அம்மாவின் நெற்றி அவளுக்கு.

கப்பல் ஆறரை மணிக்குத்தான் புறப்பட்டது.

மறுநாள் அரெசிபோவில் மோன்ச்சோ எதிரே வந்தான். "என்ன தோன், கப்பல் எப்படி?" "பெருசா இருந்துச்சு" என்றேன். என் பெட்டியை வாங்கி வண்டியில் வைத்தான். பஸ்தேலெஸை அவன் வீட்டில் வேகவைத்துச் சாப்பிட்டோம். உப்பு கொஞ்சம் குறைவு.

குழந்தை பொம்மையைப் படுக்கவைத்ததாக எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

இதைப் பற்றிக் கடைக்குப் போன் செய்யாதே. நீ அழுவாய், நான் "பரவாயில்லை, விடும்மா" என்று சொல்லிவிடுவேன். பேசும்போது அந்த வார்த்தை தானாக வந்துவிடும். இந்தக் கடிதத்திலும் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் எழுத்தைப் போட்டேன், இரண்டாவதையும் போட்டேன். என் வேகம் உனக்குத் தெரியுமே. முழுதும் எழுதி முடிப்பதற்குள், அது உண்மையில்லை என்று தெரிந்துவிட்டது. அடித்துவிட்டேன். மேலே கறுப்பாகத் தெரிவது அதுதான்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன். அப்போதும் அந்த வார்த்தையை எழுதிப் பார்ப்பேன்.

உன் அப்பா,
எவாரிஸ்தோ