சீட்டுக் கம்பியில் ஒரு கோடு

மண்ணூர்பேட்டை,
22-10-1972

அன்புள்ள மகன் மனோகரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே வலித்துச் சொல்லிவிடுகிறது, அதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஜபல்பூரில் நீயும் சுசீலாவும் சின்னவரும் சுகம் என்று அடுத்த கடிதம் வந்து சொல்லும்வரை எனக்குச் சாப்பாடு அரை வயிறுதான். சின்னவர் என்று எழுதுகிறேனே என்று சுசீலா சிரிக்க வேண்டாம். உங்கப்பா பெயரை வைத்துவிட்டீர்கள், நாலு வயசுப் பிள்ளையானாலும் அந்தப் பெயரை நான் வாயால் சொல்லவும் மாட்டேன் கையால் எழுதவும் மாட்டேன். யாருடைய ஸ்கூட்டர் மேலேயோ உட்கார வைத்து எடுத்த படத்தை அனுப்பியிருந்தாயே, அதை ரேஷன் கடை வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களுக்கும் பின்னால் நின்றவர்களுக்கும் காட்டியாகிவிட்டது. நெற்றி அப்படியே தாத்தா நெற்றி என்று எல்லோரும் சொன்னார்கள், அதில் பாதிப் பேர் உங்கப்பாவைப் பார்த்ததே கிடையாது. நானும்தான் சின்னவரைத் தொட்டிலில் கிடந்தபோது பார்த்தது, அதற்குப் பிறகு படத்தில்தான்.

நீயும் ஸ்கூட்டருக்குப் பதிந்து வைத்திருப்பதாகவும், முறை வருவதற்கு ஆறு வருஷம் ஆகும் என்றும், இனிமேல் இங்கே விட்டுப்போன அந்தச் சைக்கிள் எதற்கு, துருப்பிடிப்பதற்குள் யாரிடமாவது விற்றுவிடுங்கள் என்றும் எழுதியிருந்தாய். அதை நான் மூன்று தடவை படித்தேன். ஸ்கூட்டர் வாங்குவது சந்தோஷம்தான், உங்கப்பா கடைசிவரை நடந்தே போனவர், அவர் மகன் ஸ்கூட்டரில் போவான் என்றால் எனக்குப் பெருமை இல்லாமல் போகுமா. ஆனால் ஆறு வருஷம் என்றாயே, அதுதான் எனக்கு நெஞ்சில் நின்றுவிட்டது. மாற்றல் இரண்டு வருஷத்துக்குத்தான் என்று சொல்லிப் போனவன் நீ, நாலு வருஷம் ஆகிவிட்டது. ஆறு வருஷம் கழித்து வரப்போகிற வண்டிக்கு அங்கே பெயர் கொடுத்திருக்கிறாய் என்றால் ஆறு வருஷமும் அங்கேயே இருக்கப்போகிறாய் என்றுதானே அர்த்தம். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றாலும் இவ்வளவு எனக்குப் புரியும்.

சைக்கிள் துருப்பிடிக்கவில்லை நைனா, துருப்பிடிக்க அதற்கு நேரமே இல்லை. உனக்கு எழுதாமல் இருந்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். எதிர்வீட்டுச் செங்கல்வராயனுக்குப் போன வருஷம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிப்டு கிடைத்தது. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது, அய்யாசாமி கடையில் வாடகை சைக்கிள் எடுத்தால் விடிகிற வரைக்கும் மணிக்கணக்குப் போட்டுச் சம்பளத்தில் பாதி அங்கேயே போய்விடுகிறது. உன் வண்டி சும்மா சுவரில் சாய்ந்து கிடந்ததால் எடுத்துக்கொண்டு போ என்று சொன்னேன். அவன் காலையில் ஏழு மணிக்குக் கொண்டுவந்து விடுவான். பிறகு பின்தெருப் பரந்தாமனுக்குப் பகல் ஷிப்டில் வேலை கிடைத்தது, பஸ் இங்கே வரும்போதே படியில் தொங்கிக்கொண்டு வருகிறது, நிறுத்தாமல் போய்விடுகிறான், இரண்டு நாள் கேட்டை மூடிவிட்டார்கள் என்று திரும்பி வந்தான். அவனும் வந்து கேட்டான். ஏழரைக்கு எடுத்துக்கொண்டு போய் மாலை ஐந்தரைக்கு வருவான், ஒன்பதுக்குச் செங்கல்வராயன் கிளம்புவான். ஞாயிற்றுக்கிழமை துடைத்து எண்ணெய் விடுவது இரண்டு பேருக்கும் முறை. என்னிடம் யாரும் வாடகை கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன். அய்யாசாமிதான் என்னைக் கண்டால் விடுவதில்லை, "ஒரு வண்டிய வச்சிகினு ரெண்டு ஊட்டுக்கு சோறு போட்றியே அத்தே, நான் கடைய மூடிட்டு உன் ஊட்டாண்ட வந்து குந்திக்கவா" என்கிறான். ஆனால் பஞ்சர் ஒட்டினால் மட்டும் என்னிடம் காசு வாங்குவதில்லை.

இதில் நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வண்டியைக் கொடுக்கும்போதே இரண்டு பேரிடமும் ஒன்று சொல்லியிருந்தேன், யார் வேண்டுமானாலும் ஓட்டுங்கள், சீட்டு உயரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று. அது நீ ஆவடிக்கு வேலைக்குப் போய்வந்த உயரம். நீ வந்து ஏறும்போது வேற்றாள் வண்டியில் ஏறுவது போல இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு நினைப்பு. செங்கல்வராயன் உன் உயரம், அவனுக்கு ஒன்றுமில்லை. பரந்தாமன் உனக்கு ஒரு ஜாண் குறைவு. பெடலுக்குக் கால் எட்டாமல் இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போட்டு மிதிப்பான், "வண்டி ஓட்றியா மாமே, மாவாட்றியா" என்று செங்கல்வராயன் கேலி செய்வான், நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். இரண்டு வாரம் முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை எஸ்டேட்டுக்குத் திரும்புகிற முக்கில் எதிரே லாரி வந்திருக்கிறது. நிறுத்திக் காலை ஊன்றப் பார்த்திருக்கிறான், தரை எட்டவில்லை. தாடையில் மூன்று தையல், முழங்கை தோல் உரிந்துவிட்டது, தினக்கூலி ஆள் நாலு நாள் படுத்துவிட்டான். பார்க்கப் போனேன். "ரோடு சரியில்லமா, சீட்டு இன்னா பண்ணும்" என்று அவன் என்னையே சமாதானம் செய்தான். அவன் பெண்டாட்டி நாகவல்லி விடவில்லை, மாசமாக இருக்கிறாள், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஊர்ல இல்லாத உம்புள்ளைக்கு சீட்டு, ஊர்ல கீற எம்புருஷனுக்கு தையலாமா? வராதவன் வந்து குந்துறதுக்கா இத்தினி நாளு இவன் தொங்கிகினு போனான்" என்று கேட்டாள். வராதவன் என்று அவள் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தேன், உன் ஆறு வருஷம் ஞாபகம் வந்தது, திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் செங்கல்வராயன் வண்டியை விட்டதும் நானே அதைத் தள்ளிக்கொண்டு அய்யாசாமி கடைக்குப் போனேன். நான் வண்டி தள்ளுவதை வழியெல்லாம் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும். சீட்டை இறக்கு என்று சொன்னேன். அவன் ஸ்பானரை எடுத்தான். கொஞ்சம் பொறு என்று சொல்லி, இப்போது கம்பி எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் அரத்தால் ஒரு கோடு போடு, அப்புறம் இறக்கு என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், ஆழமாகவே கோடு போட்டுக் கொடுத்தான். பரந்தாமனை வரவழைத்து உட்கார வைத்து, இரண்டு குதிகாலும் தரையில் படுகிற இடத்தில் இன்னொரு கோடு. இப்போது ஸ்பானர் என் வீட்டு ஜன்னலில்தான் இருக்கிறது. காலையில் பரந்தாமன் தன் கோட்டுக்கு இறக்கிக்கொண்டு போகிறான், ராத்திரி செங்கல்வராயன் உன் கோட்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிறான். நாகவல்லி நேற்று ஒரு கிண்ணம் மீன்குழம்பு அனுப்பினாள், கோபம் போய்விட்டது என்று நினைக்கிறேன். உன் அளவு தினமும் ஒரு வேளை வந்துவிட்டுப் போகிறது மனோகரா, அது எனக்குப் போதும் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனாலும் ஒன்றும் இல்லாததற்கு அது தேவலை.

அதனால் சைக்கிளை விற்க மாட்டேன், அது இப்போது நான் விற்கிற பொருளும் இல்லை. ஸ்கூட்டருக்கு அங்கே பதிந்த முறையை மெட்ராசுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டா என்று மட்டும் ஆபீசில் யாரையாவது கேட்டு எழுது. வண்டிக்கு வழி இருந்தால் ஆளுக்கும் இருக்கும். நான் உன்னை நெருக்குவதாக நினைக்காதே, மேலதிகாரிகளிடம் சண்டை போடாதே, கேட்டு மட்டும் பார். குளிர் ஆரம்பித்திருக்கும், சின்னவருக்குக் காதை மூடிக் கட்டச் சொல். ராத்திரியில் தயிர் வேண்டாம். சுசீலா இளைத்துப்போன மாதிரி படத்தில் தெரிகிறது, அவள் சாப்பிட்டாளா என்று நீ கேட்பதுண்டா இல்லையா.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்கிற இடத்தில் நிறைவாக வாழ வேண்டும் என்று வேம்புலியம்மனுக்கு வெள்ளிதோறும் விளக்கு வைத்து வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மறந்துவிடாதே. சின்னவரை நேராக நிற்க வைத்து, இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் நூல் பிடித்து அளந்து, அந்த நூலை அறுத்து அடுத்த கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. அய்யாசாமி கடையில் பிள்ளைகள் ஓட்டுகிற குட்டிச் சைக்கிள் ஒன்று வாடகைக்கு வந்திருக்கிறது, சிவப்பு நிறம். அதன் சீட்டுக் கம்பியிலும் ஒரு கோடு போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை சீக்கிரம் வளர்ந்துவிடும், நூலைச் சீக்கிரம் அனுப்பு.

இப்படிக்கு
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
வீ. தாயம்மா