ஏழாம் எண் அறையில் தையல் மிஷின்

19.8.2024

சாமான்கள் இடம் மாறிவிட்டன. மூடிக் கிடந்த தீப்பெட்டி ஆபீஸை அறை அறையாகத் தடுத்து, ஷட்டர் மாட்டி, பொருள் வைக்க வாடகைக்கு விடுகிறார் பூவனலிங்கம் அண்ணாச்சி. எனக்கு ஏழாம் எண். கரிசல் மண் பிளந்து வீட்டுச் சுவர் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. மகன் செல்வகணேஷ் இடித்துக் கட்டுகிறான். தை மாதம் முடியும் என்கிறான். அதுவரை எனக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மாடி அறை.

பீரோ, கட்டில், பாத்திரம் எது போனாலும் சரி. மிஷின் மட்டும் இருக்கிறபடியே வர வேண்டும்.

என் மனைவி பிரேமலதா போய் ஐந்து மாதம். தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தவள், "பால் பொங்கிரப் போவுது, வாரேன்" என்று எழுந்தாள். அடுப்படியில் விழுந்துவிட்டாள். உறை இன்னும் ஊசிக்கு அடியில்தான் இருக்கிறது. சுமை தூக்க வந்தவர் அதை உருவப் போனார். வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போல. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

3.9.2024

மழைக்கு முன் ஈரத்துக்கு வழி செய்தாயிற்று. முப்பத்தோரு வருடம் எட்டாம் வகுப்பில் சொன்ன உதாரணம்தான். உப்பு ஜாடியைத் திறந்து வைத்தால் உப்பு ஏன் நசநசக்கிறது? காற்றின் ஈரத்தை அது இழுத்துக்கொள்கிறது. குளத்தூர் உப்பு வண்டியில் கல்லுப்பு வாங்கினேன். மூலைக்கு ஒரு வாளி. அரை மூட்டையை மிஷினின் மிதிபலகை மேலேயே வைத்து, மொத்தத்தையும் தார்ப்பாயால் மூடிக் கயிறு இறுக்கிக் கட்டினேன்.

காவலுக்கு இருக்கும் முத்துத்தாய் பார்த்துக்கொண்டே நின்றார். இதே ஆபீஸில் முன்பு தீக்குச்சி அடுக்கியவர். "என்ன சார், ஊறுகாயா போடப் போறீங்க?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் சரி சார். வெயிலடிக்கையில வந்து ஷட்டரத் தூக்கிப் போடுங்க. நாங்க அப்படித்தான் குச்சிய நமுக்காம வச்சிருந்தோம்."

நன்றாகக் கவனிக்கிறார், விடையைத்தான் தவறாகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

22.10.2024

மழை. அறை வரை போனேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டு நன்றாக இருக்கிறது. திரும்பிவிட்டேன்.

5.11.2024

முத்துத்தாய் போன் செய்தார். "நல்ல வெயிலு சார். வாரீங்களா?" முட்டி வலி என்றேன். முட்டியில் வலி இல்லை. எதற்குச் சொன்னேன்?

17.11.2024

செல்வகணேஷ் பேசினான். "அந்த மிஷின புது வீட்டுல எங்கனப்பா வைக்க? எடைக்குப் போட்டுரலாம்லா. ஓட்ட ஆளில்லாத மிஷின்தான?"

இருக்கட்டும் என்றேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இட்லி வாங்கிச் சாப்பிட்டேன்.

15.12.2024

விடாத மழைக்குப் பிறகு இன்றுதான் வானம் வெறித்தது. காலையிலேயே முத்துத்தாயின் போன். "சார், ஒங்க ஷட்டருக்கு அடியில தண்ணி வருது. மழைத்தண்ணி இல்ல. நாக்குல வச்சுப் பாத்தேன், கரிக்குது."

உப்பு வைத்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது, இன்றுதான் ஷட்டரைத் தூக்கினேன். வாளிகள் தளும்பி நின்றன. தார்ப்பாயின் உள்பக்கமெல்லாம் வியர்த்திருந்தது. மூட்டை பாதியாகச் சுருங்கி, மிதிபலகை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. இரும்புக் கால்கள் செம்மண் பூசினாற்போல் இருந்தன. ஊசியும் துரு. உறையில் ஊசி நின்ற இடத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வட்டம்.

உப்பு ஈரத்தை இழுக்கும். இழுத்த ஈரம் எங்கே போகும்? எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. ஜாடிக்கு அடியில் தேங்கியதைப் பிரேமலதா எத்தனை மழைக்காலம் வடித்து ஊற்றியிருப்பாள் — பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தவன்தானே நான்!

முத்துத்தாய் ஊறுகாய்ப் பேச்சை எடுக்கவில்லை. "மண்ணெண்ணெ போட்டுத் தொடைக்கணும் சார். அதுக்குத் துணிய எடுக்கணும். இன்னைக்கு விட்டா சக்கரம் இறுகிப் போயிரும். ஊசிய நீங்க தூக்குதீங்களா, நான் தூக்கட்டுமா?"

நானே தூக்கினேன். சக்கரம் முதலில் அசையவில்லை. பிறகு ஒரு கிறீச். ஊசி மேலே வந்தது. துணியில் சின்னத் துளை. அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

16.12.2024

வெயில். ஷட்டரைத் தூக்கி வைத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

28.12.2024

தினமும் திறக்கிறேன். ஊசியும் பெல்ட்டும் புதிது. முத்துத்தாய் பழந்துணி ஒன்றைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார். அவருக்குத் தையல் வரும் என்று இன்றுதான் தெரிந்தது. "சும்மா கெடக்க மிஷினுக்கு எத்தன எண்ணெ விட்டாலும் இறுகத்தான் செய்யும் சார்." பிறகு மடியில் இருந்த உறையைத் தடவிவிட்டு, "அவிய தையலு என்ன நேரா போயிருக்கு பாருங்க. இன்னும் ஒரு சாண்தான் கெடக்கு. அடிச்சிரட்டுமா?"

நாளை சொல்கிறேன் என்றேன்.

29.12.2024

சொல்லவில்லை.

11.1.2025

சொன்னேன்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவள் போட்ட தையல் எங்கே முடிகிறது, முத்துத்தாய் போட்டது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தேன். துரு வட்டம் இல்லாவிட்டால் தெரியாது.

10.2.2025

அவள் போய் வருஷம் திரும்பாததால் விசேஷம் எதுவும் இல்லை. புது வீட்டில் பால் மட்டும் காய்ச்சினோம். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எழுந்து ஓடவில்லை. பொங்கத்தானே விட்டிருக்கிறோம். நான் மட்டும் பாதி எழுந்துவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன்.

ஏழாம் எண் சாவியை அண்ணாச்சியிடம் கொடுத்தாயிற்று. கட்டிலும் பீரோவும் வந்துவிட்டன. "மிஷின் எங்கனப்பா?" என்றான் செல்வகணேஷ். ஜன்னலோரம் அதற்கு இடம் விட்டிருந்தான். இடம் விட்டது எனக்குத் தெரியாது. முத்துத்தாய் வீட்டில் ஓடுகிறது என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்தான். "சரிப்பா" என்றான்.

மத்தியானம் அந்த உறையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். துரு வட்டம் கன்னத்துப் பக்கம் வருகிறது. திருப்பி வைக்கவில்லை.